ஒரே குழியில் இரண்டு பாதை

செந்துறையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக் காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஜெயசுதாவின் வீடு இருக்கிறது. தெருவில் அதுதான் கடைசி. அவளுக்கு முப்பத்தேழு வயது. அவள் பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா செல்லமுத்து இறந்துவிட்டார். அம்மா பொன்னம்மாள் பக்கவாதம் வந்து நான்கு வருஷம் படுக்கையில் கிடந்து, போன வருஷம் தை மாதம் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் ஜெயசுதா சென்னையை விட்டு வந்தது. கொரோனா காலம் அது. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. படுக்கையில் கிடக்கிற அம்மாவும் கூடவே வருவாள் என்று அவள் சொன்னதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா போன பிறகு சென்னைக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. இங்கேயும் யாரும் இல்லை, அங்கேயும் யாரும் இல்லை என்கிறபோது பழகின வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

எதிர்வீட்டு பச்சையம்மாள் மட்டும் எப்போதாவது வாசலில் வந்து நிற்பாள்.

"ஏ சுதா, வூட்டுக்குள்ள ஆளே இல்ல, பேச்சுச் சத்தம் மட்டும் கேக்குதே. யார்கிட்டடி பேசுற?"

"ஆபீஸ்ல பெரியம்மா."

"அப்படி என்னதான் வேல உனக்கு?"

ஜெயசுதா கொஞ்சம் யோசித்தாள். "வெளிச்சத்தப் பங்கு போட்டுக் குடுக்குற வேல."

"கரண்டு ஆபீசா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

பச்சையம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாளே வந்து, தெருவிளக்கு எரியவில்லை, கொஞ்சம் சொல்லி வை என்றாள்.

ஜெயசுதா சொன்னது விளையாட்டு இல்லை. அவளுடைய கம்பெனி சென்னையில் ஒரு பெரிய டேட்டா சென்டர் நடத்துகிறது. திருச்சியில் அதற்கு ஒரு சின்னக் கிளை. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அடுக்கிவைத்த கட்டடங்கள் அவை. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மண்ணுக்கடியில் தலைமுடி அளவு கண்ணாடி இழைகள் ஓடுகின்றன. அவற்றுக்குள் ஓடுவது ஒளி. ஒரே இழையில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நிறங்களை ஒன்றோடொன்று கலக்காமல் அனுப்பலாம். கண்ணால் பார்க்க முடியாத நிறங்கள்.

முன்பெல்லாம் ஒரு வாடிக்கையாளருக்குப் புது இணைப்பு வேண்டுமென்றால், ஆள் போய்ப் பெட்டியைத் திறந்து கேபிளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். இப்போது அதற்கென்று ஒரு மென்பொருள் வந்துவிட்டது. கன்ட்ரோலர் என்பார்கள். ஊர் ஊராகக் கிடக்கிற இழைகளையும் கருவிகளையும் அது ஒரே குவியலாக எடுத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கேட்ட அளவு வெட்டிக் கொடுக்கும். வாங்கியவருக்கு அது தனக்கே தனக்கான ஒரு நெட்வொர்க் போலத் தெரியும். அதே இழையில் இன்னும் இருபது பேர் போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கன்ட்ரோலருக்குக் கண் கிடையாது. அதற்குத் தெரிந்த உலகம் ஒரு மேப் மட்டும்தான். எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது எந்தச் சாலை ஓரமாகப் போகிறது, எதில் எத்தனை நிறம் காலியாக இருக்கிறது என்று மேப்பில் எழுதியிருப்பதை அது அப்படியே நம்பும். அந்த மேப்பை எழுதுகிற, திருத்துகிற வேலைதான் ஜெயசுதாவுக்கு.

நாளெல்லாம் அவள் கூட்டங்களில் இருந்தாள். சென்னையில் ஏழு பேர், புனேவில் பத்துப் பேர், நொய்டாவில் எத்தனை பேர் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. யாரும் கேமராவைப் போடுவதில்லை. திரையில் வட்டம் வட்டமாகப் பெயரின் முதலெழுத்துகள். அம்மா இறந்த அன்று முப்பத்திரண்டு பேர் ஒரே மாதிரி கைகூப்பிய படத்தை அனுப்பியிருந்தார்கள். காரியம் முடிந்து அவள் திரும்பி வந்த முதல் கூட்டத்தில், "வெல்கம் பேக் ஜெயசுதா" என்று ஒரு குரல் சொன்னது. அடுத்த வாக்கியத்தில் வேலைப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவளுக்குச் சம்பந்தமில்லாத கூட்டங்களையும் அவள் அணைக்காமல் விட்டுவிடுவாள். சமையல் செய்யும்போதும் சாப்பிடும்போதும் மேசைமேல் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் மனிதச் சத்தம் இருந்தால் போதும் என்றிருந்தது.

இந்த வருஷம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொரு மணி வாக்கில் அவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள்.

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே நேராகப் போகிற இரண்டு பாதைகளைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. ஒன்று பெரம்பலூர், பாடாலூர் வழியாக நெடுஞ்சாலை ஓரமாகவே போவது. அதை மேற்குப் பாதை என்பார்கள். இன்னொன்று அரியலூர்ப் பக்கமாக வந்து, நெடுஞ்சாலைக்கு ஏழு கிலோமீட்டர் கிழக்கே ஊர்ச்சாலைகளின் ஓரமாகப் போவது. அது கிழக்குப் பாதை. எந்த நேரமும் அறுந்து போகக் கூடாது என்று கேட்கிற வாடிக்கையாளர்களுக்கு இரண்டிலும் ஒவ்வொரு இடம் ஒதுக்கியிருப்பார்கள். மேற்கு அறுந்தால் கன்ட்ரோலர் கண்ணிமைக்கிற நேரத்தில் கிழக்குக்கு மாற்றிவிடும். அப்படி ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒன்று திருச்சியில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி. அவர்களுடைய ஸ்கேன் படங்கள், நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் சென்னை டேட்டா சென்டரில்தான் இருந்தன.

அன்று மேற்குப் பாதையின் ஒளி அளவு கொஞ்சம் நடுங்கியது. அலாரம் அடிக்கிற அளவுக்கு இல்லை. லாரி போனால்கூட அப்படி நடுங்கும். ஆனால் அதே நொடியில் கிழக்குப் பாதையும் நடுங்கியது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் இரண்டும் சேர்ந்து. மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை.

ஏழு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற இரண்டு இழைகள் எப்படி ஒரே நொடியில் நடுங்கும்?

மத்தியானக் கூட்டத்தில் அவள் அதைச் சொன்னாள். சென்னையில் இருக்கும் கவிதாதான் அவளுக்கு மேலதிகாரி. ஆறு வருஷமாகக் குரல் பழக்கம்.

"எவ்வளவு குறையுது?" என்று கவிதா கேட்டாள்.

"கம்மிதான். ஆனா ரெண்டும் ஒரே செகண்டுல."

"கடிகாரக் கோளாறா இருக்கும். கேபிள் வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரங்க ரெண்டு பாதையும் தனித்தனின்னு எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காங்க. நம்ம மேப்லயும் அப்படித்தான இருக்கு?"

"மேப்ல அப்படித்தான் இருக்கு."

"அப்புறம் என்ன? விடு. கணக்கு முடிக்கிற மார்ச் மாசம் வேற."

மேப்பில் அப்படி எழுதியவளே ஜெயசுதாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி அனுப்பிய தாளைப் பார்த்து, அம்மாவுக்குக் கஞ்சி ஆறவைத்துக்கொண்டே, ஒரே மத்தியானத்தில் இந்தப் பகுதிக்கான பதிவுகளை ஏற்றியிருந்தாள். அது நினைவுக்கு வந்ததும் அவளால் விட முடியவில்லை. இரண்டு இழைகளிலும் சோதனை ஒளியை அனுப்பி, அது எவ்வளவு தூரத்தில் லேசாகத் தடுமாறுகிறது என்று அளந்தாள். இழை புதைத்த நீளத்தையும் தரையில் போகும் வழியையும் பொருத்திப் பார்த்தாள். மேற்குப் பாதையின் தடுமாற்றம் பாடாலூரைத் தாண்டி விழுந்தது. கிழக்குப் பாதையுடையது, மேப்பின்படி, யாரும் எதுவும் தோண்டாத ஒரு ஏரிக்கரையில் விழுந்தது.

பாடாலூர்ப் பகுதியில் கேபிள் வழியே நடந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். பழைய மெயில்களில் தேடி எண்ணை எடுத்தாள். வாசிம் என்று பெயர் இருந்தது.

"ஹலோ, வாசிம்ங்களா? நான் டேட்டா சென்டர்லேர்ந்து பேசுறேன். ஜெயசுதா."

"சொல்லுங்க மேடம். எங்க அறுந்துடுச்சு?"

"எங்கயும் அறுந்து போகலைங்க."

"அறுந்து போகலன்னா எதுக்கு மேடம் கூப்ட்டீங்க?" என்றான். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டான். அறுந்தால் தவிர அவனை யாரும் கூப்பிட்டதே கிடையாது.

"அங்க எதாச்சும் தோண்டுறாங்களா?"

"ஆமாங்க. குடிதண்ணிப் பைப்புக்கு. சர்வீஸ் ரோட்டு ஓரமா ஜேசிபி வச்சுத் தோண்டிட்டு வர்றாங்க."

"கிழக்குப் பாதைக் கேபிள் அங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"தூரமா? மேடம், நான் நிக்கிற எடத்துலதான் இருக்கு. என் காலுக்குக் கீழ."

ஜெயசுதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேற்குப் பாதை?"

"அதுவும் இங்கதான். ரெண்டும் ஒரே குழி."

போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று அவன் கேட்டான். அனுப்புங்கள் என்றுதான் முதலில் சொல்ல வந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை பார்க்காமல் எழுதியது போதும் என்று தோன்றியது. "நானே வரேங்க" என்றாள்.

மறுநாள் புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். செந்துறையில் பஸ் ஏறி அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர், அங்கிருந்து பாடாலூர். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனது. அவள் அரியலூரைத் தாண்டி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கே போகிறாய் என்று கேட்டபோது, தன் குரல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி சுருக்கமாக வருவதை அவளே கவனித்தாள்.

வாசிம் சர்வீஸ் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். நாற்பது வயது இருக்கும். தலையில் துண்டு, தோளில் ஒரு பை. லப்பைக்குடிகாட்டுக்காரன். பதினோரு வருஷம் சவுதியில் கேபிள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே ஊருக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். மனைவி சுல்தானா ஊரில். இவன் வாரத்தில் ஆறு நாள் பாடாலூரில் ஒரு அறையில்.

இரும்புக் கொக்கியைப் போட்டுத் தரையில் இருந்த காங்கிரீட் மூடியைத் தூக்கினான். கீழே இடுப்பளவு ஆழத்தில் ஒரு தொட்டி. கேபிள்களை இணைத்துச் சுருட்டி வைக்கிற சேம்பர் அது. உள்ளே இரண்டு கறுப்புக் கேபிள்கள் பாம்புபோலச் சுருண்டு கிடந்தன. ஒன்றில் மஞ்சள் பட்டை, இன்னொன்றில் நீலப் பட்டை. நீலம் கிழக்குப் பாதை. ஜெயசுதா மண்டியிட்டு உள்ளே குனிந்து, பட்டைமேல் ஒட்டியிருந்த மண்ணை விரலால் துடைத்து எண்ணைப் படித்தாள். அவள் இரண்டு வருஷத்துக்கு முன் ஏரிக்கரையில் இருப்பதாக எழுதிய அதே எண்.

"எப்படிங்க இது இங்க வந்துச்சு?"

"மழையில அங்க ஒரு பாலம் உடைஞ்சு கேபிள் அந்தரத்துல தொங்குச்சு மேடம். அப்ப அவசரத்துக்கு மூணு கிலோமீட்டர் மட்டும் இந்தக் குழியில கொண்டாந்து போட்டாங்க. மூணு மாசத்துல திரும்ப மாத்திடுவோம்னாங்க. அது ஆச்சு மூணு வருஷம்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம? வாட்ஸ்அப் குரூப்புல போட்டோவே போட்டேன். ரெண்டு பேரு கட்டை விரலத் தூக்கிக் காட்டுனாங்க. அவ்வளவுதான்." அவன் மூடிமேல் உட்கார்ந்தான். "சவுதியில பதினோரு வருஷம் தனியா கெடந்தேன் மேடம். ஊருக்கு வந்தாவது நாலு பேரோட இருப்போம்னு பாத்தா, இங்கயும் இந்தக் கேபிள் பின்னாடி தனியாத்தான் நடக்குறேன். ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு வந்து குழிக்குள்ள எட்டிப் பாத்தது இதான் மொதல் தடவ."

ஜெயசுதா போனை வைத்து எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தாள். நீளம் தெரிய மூன்று கிலோமீட்டரையும் நடந்தார்கள். ஜேசிபி அந்தச் சேம்பருக்கு நூறு மீட்டர் வடக்கே தோண்டிக்கொண்டிருந்தது. வாளி மண்ணில் இறங்கும்போதெல்லாம் காலுக்கடியில் லேசாக அதிர்ந்தது. அவள் திரையில் பார்த்த நடுக்கம் அதுதான்.

மேஸ்திரியிடம் போய் வாசிம் ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தான். மூன்றாவது தடவையாக அவளும் சொன்னாள். "ஆர்டர் கொண்டாங்கம்மா, நிறுத்துறேன். வாய்ல சொன்னா எப்படி நிறுத்துறது?" என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேபிள் கம்பெனியின் எண்ணுக்கு அடித்தால், ஆன்லைனில் புகார் பதியும்படி ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது.

வெயில் மண்டையைப் பிளந்தது. "நீங்க போயி மெஸ்ஸுல சாப்ட்டு வாங்க மேடம், மயங்கிக் கியங்கி விழுந்துடாதீங்க. எனக்கு நோன்பு" என்றான் வாசிம். அவன் புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொள்ள, அவள் ரோட்டைத் தாண்டிப் போய் எலுமிச்சை சாதத்தை அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அப்புறம் டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கவிதாவைக் கூப்பிட்டாள்.

படங்களைப் பார்த்துவிட்டுக் கவிதா கேட்டாள்.

"கிழக்கு ஏரிக்கரையில இருக்குன்னு ஏத்துனது யாரு?"

"நான்தான் கவிதா. தாளப் பாத்து ஏத்துனேன்."

"இப்ப அங்க அறுந்தா என்ன ஆகும்?"

"மேற்கு அறுந்துச்சுன்னு கன்ட்ரோலர் எல்லாரையும் கிழக்குக்கு மாத்தும். கிழக்கும் அறுந்து கெடக்கும். ஆறு பேருக்கும் ஒண்ணும் இருக்காது. சேலம் வழியா சுத்திப் போற மூணாவது பாதையில நிறம் காலியா இருக்கு. இந்த ரெண்டும் ஒரே குழின்னு நான் மேப்ல ஒரு வரி எழுதுனா போதும், அதுவே புரிஞ்சுக்கிட்டு மாத்திடும்."

"எழுதக் கூடாதே. மார்ச் முடியற வரைக்கும் யாரும் எதையும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் தாங்குமா?"

"தெனம் நூத்தம்பது மீட்டர் தோண்டுறாங்க. வெள்ளிக்கிழம கூடத் தாங்காது."

மேலே பேசிப் பார்க்கிறேன் என்று கவிதா வைத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "யார் யார்கிட்டயோ பேசிட்டேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவசரம்னு அனுமதி வாங்கியிருக்கேன். மத்த அஞ்சு பேரத் தொடாத. இவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

ஜெயசுதா ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய பங்கில் மட்டும் அந்த வரியை எழுதினாள். இந்த இரண்டும் ஒரே குழி, ஒன்றுக்கொன்று துணை ஆகாது. கன்ட்ரோலர் நாற்பது நொடி யோசித்தது. பிறகு சேலம் வழியில் ஒரு நிறத்தைப் பிடித்து ஆஸ்பத்திரியின் இரண்டாவது பாதையாக வைத்தது. எந்தப் பெட்டியையும் யாரும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. டீக்கடைக்காரர் இன்னொரு டீ வேண்டுமா என்று கேட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஜேசிபி இரண்டு கேபிள்களையும் சேர்த்து இழுத்தது.

ஜெயசுதா வீட்டில் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. கன்ட்ரோலர் மேற்கிலிருந்தவர்களைக் கிழக்குக்கு மாற்றியது, அங்கேயும் ஒளி இல்லை என்று கண்டது, மறுபடி மேற்குக்கு மாற்றியது. ஐந்து பேரின் பெயர்களும் சிவப்பாயின. ஒரு பஸ் டிக்கெட் கம்பெனி, ஒரு தேர்வு மையம், ஒரு கூரியர் கம்பெனி, இன்னும் இருவர். ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும் பச்சையாகவே இருந்தது. அவள் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவசரக் கூட்டத்தில் நாற்பது வட்டங்கள் சேர்ந்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இரண்டு பாதையும் ஒன்றாக எப்படிப் போகும், மென்பொருளில் கோளாறு, எல்லாவற்றையும் அணைத்துப் போடுங்கள் என்று ஒருவர் கத்தினார்.

"அணைக்காதீங்க" என்றாள் ஜெயசுதா. "கேபிள்தான் அறுந்திருக்கு. பாடாலூரத் தாண்டி, பதினேழாவது சேம்பருக்கும் பதினெட்டாவதுக்கும் நடுவுல. வாசிம்னு ஒருத்தர் அங்கதான் நிக்கிறாரு. திருச்சியிலேர்ந்து ஒட்டற ஆளுங்க கெளம்பிட்டாங்க."

"யார் பேசுறது?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஜெயசுதா."

"நீங்க எந்த டீம்?"

அந்தக் கம்பெனியில் அவளுக்கு அது பதினோராவது வருஷம்.

மத்தியானம் முழுக்க வாசிமும் அவளும் போனில் இருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் துணிக் கூடாரம் போட்டு, இழையை ஒவ்வொன்றாக வெட்டிச் சுத்தம் செய்து ஒட்டினார்கள். முதலில் மேற்குக் கேபிளின் நாற்பத்தெட்டு இழைகள். ஒவ்வொன்றும் ஒட்டியதும் வாசிம் எண்ணைச் சொல்வான். அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள்.

"இருபத்தொம்பது."

"வந்துடுச்சு."

"முப்பது."

"இன்னும் வரல. கொஞ்சம் மங்கலா இருக்கு."

"திரும்ப வெட்டுறோம் மேடம். இருங்க." காற்றின் சத்தம், யாரோ இருமும் சத்தம், லாரி போகும் சத்தம். "இப்ப?"

"வந்துடுச்சுங்க."

வாசிமுக்குத் தொண்டை வறண்டு குரல் கம்மிப்போயிருந்தது. தண்ணீர் குடிக்க மாட்டான் என்று தெரிந்ததால் அவள் எதுவும் சொல்லவில்லை. மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் கடைசிச் சிவப்பும் பச்சையானது. கூட்டத்தில் எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்று போனார்கள். வாசிமும் "சரி மேடம், வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டான். ஐந்து மணி நேரமாக அவ்வளவு சத்தம் கேட்ட வீட்டில் திடீரென்று ஒன்றும் கேட்கவில்லை. ஜெயசுதா எழுந்து போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. அம்மா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரியின் இணைப்பைக் கன்ட்ரோலர் தானாகவே காப்பாற்றியது என்று அதில் இருந்தது. ஐந்து பேருக்கு இணைப்பு போனதற்குக் காரணம் பழைய பதிவு ஒன்று என்று ஒரு வரி.

கவிதா தனியாகக் கூப்பிட்டாள். "உன் பேரப் போட்டுதான் அனுப்புனேன். மென்பொருளே பண்ணுச்சுன்னு இருந்தா நல்லா இருக்கும்னு எடுத்துட்டாங்க. மனசுல வச்சுக்காத."

"அது பரவால்ல. அந்தப் பழைய பதிவு நான் போட்டதுன்னு ஏன் எழுதல?"

"எழுதாம இருக்கறது உனக்கு நல்லதுதான?"

"இல்ல கவிதா. அன்னிக்கு நான் முந்நூத்திப் பன்னெண்டு பதிவு போட்டேன். எல்லாமே தாளப் பாத்துப் போட்டது. அதுல இன்னும் எத்தன ஒரே குழின்னு எனக்குத் தெரியாது."

அன்று மாலையே அவள் அறிக்கை போன எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினாள். பாடாலூர்ப் பதிவை நேரில் பார்க்காமல் எழுதியது நான், மற்ற முந்நூற்றுப் பதினொன்றும் அப்படித்தான், அவற்றைப் போய்ப் பார்க்க எனக்கு வாரத்தில் இரண்டு நாள் வேண்டும், என்று நான்கே வரிகள். மூன்று நாள் யாரும் பதில் போடவில்லை. வேலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை.

நான்காவது நாள் கவிதா கேமராவைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கண்ணாடி போட்டிருந்தாள், முன்தலையில் நரை, பின்னால் நாற்காலிமேல் ஒரு பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஜெயசுதாவும் கேமராவைப் போட்டாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ரொம்பச் சின்னப் பொண்ணுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள் கவிதா.

"நான் உங்களக் குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

கவிதா சிரித்தாள். பிறகு சொன்னாள், "ஆறு மாசம் குடுத்திருக்காங்க. வாரத்துல ரெண்டு நாள். போய்ப் பாரு."

ஜெயசுதா ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொண்டாள். தூரமென்றால் பஸ். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் அவள் கேபிள் வழியே போய், மூடியைத் திறக்கச் சொல்லி, பட்டை எண்ணைப் படித்து எழுதிக்கொண்டாள். செப்டம்பருக்குள் இன்னும் ஏழு இடங்களில் இரண்டு பாதை ஒரே குழியில் கிடப்பது தெரிந்தது. ஆறு மாதத்தை ஒரு வருஷமாக நீட்டினார்கள். மேப்பில் அவள் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னாள்: நேரில் பார்த்தவர். கன்ட்ரோலருக்கு அது எதற்கும் பயன்படாதே என்று புனேவிலிருந்து ஒருவர் கேட்டார். கன்ட்ரோலருக்கு இல்லை, நமக்கு என்று அவள் பதில் போட்டாள். இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். பாடாலூர் வரிசையில் அவள் முதலில் வாசிமின் பெயரை எழுதினாள்.

வாசிமுக்கு அது தெரியாது. அவனுடைய அப்பா இறந்த பிறகு, ஆகஸ்டில் அவனுக்கு விசா வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் போன் செய்தான்.

"வெள்ளிக்கிழம ஃப்ளைட்டு மேடம். மறுபடியும் சவுதிதான், தம்மாம். அத்தா மவுத்தானதுக்கு அப்புறம் இங்க இருந்து என்ன பண்றதுன்னு கெளம்பிட்டேன். துஆ செய்யுங்க."

"உங்க எடத்துக்கு யாருங்க வர்றாங்க?"

"யாரும் சொல்லல. நீங்கதான் பாத்துக்கணும்."

அக்டோபரில் கிழக்குப் பாதையை மறுபடி ஏரிக்கரைக்கே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மண்ணை மூடும்வரை ஜெயசுதா கூடவே நின்றாள். வாசிமுக்கு ஒரு படம் அனுப்பினாள். மறுநாள்தான் பார்த்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் பதில் வந்தது.

மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் அவள் எறையூர்ப் பக்கம் போயிருந்தாள். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. கரும்புக் காட்டு ஓரத்தில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பதைப் பார்த்து, தோகை கழித்துக்கொண்டிருந்த கொளஞ்சி என்கிற பெரியவர் கேட்டார்.

"என்னம்மா தொலைச்சுட்ட?"

"ஒண்ணும் தொலைக்கலைங்க. கேபிள் பாக்குறேன். இங்க ரெண்டு இருக்கணும். எங்கன்னு தெரியுமாங்க?"

"ஒண்ணு இதோ இந்த வரப்பு ஓரமா போவுது. இன்னொண்ணு அங்க, மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட. தோண்டறப்ப நான் பாத்தேன்."

அவள் வரப்பிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்து, இரண்டு மூடிகளையும் கண்டுபிடித்து, தூரத்தை அளந்தாள். தொள்ளாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எண்கள் சரியாக இருந்தன. மேப்பில் எழுதியிருந்தபடியே. திரும்பி வரும்போது கொளஞ்சி இன்னும் அங்கேயே இருந்தார்.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேங்க. ரெண்டும் தனித்தனியாத்தான் இருக்கு."

"அது நல்லதா கெட்டதா?"

"நல்லதுங்க" என்றாள் ஜெயசுதா. அவர் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவள் வண்டியின் இருக்கைமேல் நோட்டை வைத்து, தேதியையும் தூரத்தையும் எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் கொளஞ்சியின் பெயரையும் எழுதிக்கொண்டு, அடுத்த மூடியைத் தேடிக் கிளம்பினாள். மொத்தத்தில் இன்னும் எண்பத்து நான்கு பதிவுகள் பாக்கி இருந்தன.